தூண்டல் எண்ணும் தூண்டல் மின்மறுப்பும்

ஒரு மின்சுற்றில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது, அந்த மாற்றத்தை எதிர்க்கும் மின்னியக்கு விசை அச்சுற்றிலேயே தோன்றும் நிகழ்வு தன் மின்தூண்டல் எனப்படும். அந்த எதிர்ப்பு எவ்வளவு என்பதைக் குறிக்கும் அளவு தூண்டல் எண் ஆகும். மாறுதிசை மின்னோட்டம் ஓடும்போது இதே பண்பு, ஓம் அலகில் அளக்கக்கூடிய ஒரு தடையாக வெளிப்படுகிறது. அதற்குத் தூண்டல் மின்மறுப்பு என்று பெயர். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மின்னியல் படிப்போர் இவற்றை இண்டக்டன்ஸ் என்றும் இண்டக்டிவ் ரியாக்டன்ஸ் என்றும் கேட்டிருப்பார்கள். மேல்நிலை வகுப்பில் படித்தவர்களுக்குத் தமிழ்ச் சொற்களும் பழக்கமானவையே.

பாடப் புத்தகத்தில் இது அரைப் பக்கத்தில் ஒரு சூத்திரமாக முடிந்துவிடும். வெளியே அப்படி இல்லை. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள காமயகவுண்டன்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். கம்பத்துக்கு அருகில், சுருளி அருவிக்குப் போகும் பக்கத்தில் உள்ள பேரூராட்சி. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் ஊர்களில் இதுவும் ஒன்று. தோட்டக் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் ஓடுகிற மோட்டார், அதன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் காயில், கம்பத்தில் தொங்கும் டிரான்ஸ்பார்மர், வீட்டில் பழைய டியூப்லைட்டின் சோக் ஆகிய எல்லாமே இரும்பின் மீது சுற்றிய செம்புக் கம்பிகள்தாம். ஒரு மோட்டார் எரிந்தால் அதைத் தூக்கி எடுத்துக் காயில் கட்டி மீண்டும் இறக்குவதற்குள் பல நாள் பாசனம் தவறும். எரிந்ததற்கான காரணம் பல நேரங்களில் இந்த அரைப் பக்கத்துக்குள் இருக்கிறது.

மாற்றத்தை எதிர்க்கும் சுருள்

மைக்கேல் ஃபாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். ஒரு சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் மாறினால், மாறும் வேகத்துக்கு ஏற்ப அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி, சுருள் தன்னுடைய சொந்தக் காந்தப் பாயத்தின் மாற்றத்துக்கும் இப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை 1832இல் எழுதினார். தூண்டல் எண்ணின் அலகுக்கு ஹென்றி என்ற பெயர் வந்தது அவரால்தான். தோன்றும் மின்னழுத்தம் எந்தத் திசையில் இருக்கும் என்பதை 1834இல் லென்ஸ் விதி தெளிவாக்கியது: எந்த மாற்றம் அதை உண்டாக்கியதோ அந்த மாற்றத்தையே அது எதிர்க்கும். இண்டக்டன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆலிவர் ஹெவிசைடு. தந்திக் கம்பிகளோடு பழகி, பள்ளிப் படிப்புக்கு மேல் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர்.

லென்ஸ் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்கள்கூட ஓரிடத்தில் தடுமாறுகிறார்கள். சுருள் எதிர்ப்பது மின்னோட்டத்தை அன்று, மின்னோட்டத்தின் மாற்றத்தை. மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தால் சுருள் ஒன்றும் செய்யாது, வெறும் செம்புக் கம்பியாக இருக்கும். கூடப் பார்த்தால் கூட விடாது, குறையப் பார்த்தால் குறைய விடாது.

தோட்டத்துக் குழாயை நினைத்தால் இது எளிதில் பிடிபடும். கிணற்றிலிருந்து நெடுந்தூரம் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுபோகும் இடங்களில், மோட்டாரைப் போட்டவுடன் கடைசி வாயில் தண்ணீர் கொட்டுவதில்லை. குழாய் நிறைந்திருந்தாலும் அத்தனை நீரும் நகரத் தொடங்கச் சற்று நேரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிரும், சில சமயம் இணைப்பே பிய்ந்துவிடும். ஓடும் நீரின் வேகத்தை ஒரு நொடியில் நிறுத்தப் பார்த்ததால் எழுந்த அழுத்தம் அது. சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படியே. இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. குழாயில் உந்தம் நீரிலேயே இருக்கிறது. சுருளில் அது கம்பிக்குள் ஓடும் எலக்ட்ரான்களின் எடையில் இல்லை. சுருளைச் சுற்றியும் இரும்புக்குள்ளும் பரவியிருக்கும் காந்தப் புலத்தில் சேமித்த ஆற்றலில் இருக்கிறது. அதனால்தான் ஒரே நீளமுள்ள கம்பியை நேராக நீட்டினால் தூண்டல் எண் மிகக் குறைவாகவும், இரும்பில் சுற்றினால் பல ஆயிரம் மடங்காகவும் ஆகிறது.

அளவாகச் சொன்னால், சுருளில் தோன்றும் மின்னழுத்தம் = தூண்டல் எண் × ஒரு நொடியில் மின்னோட்டம் மாறும் அளவு. ஒரு நொடிக்கு 1 ஆம்பியர் வீதம் மாறும்போது 1 வோல்ட் தோன்றினால் அச்சுருளின் தூண்டல் எண் 1 ஹென்றி.

இதை ஒரு பழைய டியூப்லைட் சோக்கில் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக வரும் 40 வாட் சோக்கின் தூண்டல் எண் 1.23 ஹென்றி, கம்பியின் மின்தடை 40 ஓம் என்று கொள்வோம். கடையில் கிடைத்த செம்புச் சோக்குகள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தன. இதை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் இறுதியாக 12 ÷ 40 = 0.3 ஆம்பியர் ஓடும். ஆனால் உடனே அல்ல. தூண்டல் எண்ணை மின்தடையால் வகுத்தால் கிடைக்கும் 0.031 நொடியில் இறுதி மதிப்பின் 63 விழுக்காட்டை அடையும். இப்போது கம்பியைப் பிடுங்கினால் 0.3 ஆம்பியர் சுழியாக வேண்டும். ஓராயிரத்தில் ஒரு நொடிக்குள் அது நடந்தால் தோன்றும் மின்னழுத்தம் 1.23 × 0.3 ÷ 0.001 = 369 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே என்று இரு முனைகளையும் விரலால் பிடித்திருந்தவர் துள்ளிக் குதிப்பது இதனால்தான். டியூப்லைட்டின் ஸ்டார்ட்டர் செய்வதும் இதே வேலை: உள்ளே இருக்கும் தகடு விலகும் கணத்தில் சோக் கொடுக்கும் உதை மின்னழுத்தம் குழலைப் பற்றவைக்கிறது. ஓடும் மோட்டாரின் சுவிட்சைப் பிரிக்கும்போது தெறிக்கும் பொறியும் அதுவே. மாணவர் சோதித்துப் பார்க்கும்போது முனைகளைத் தொடாமல், காப்புறை போட்ட கவ்விகளால் இணைத்துப் பிரிக்க வேண்டும்.

தூண்டல் எண் எதைப் பொறுத்தது

சுற்றுகளின் எண்ணிக்கை, உள்ளகத்தின் பரப்பு, காந்தப் பாதையின் நீளம், உள்ளகம் எந்தப் பொருள் என்பவற்றைப் பொறுத்து அது அமைகிறது. இவற்றுள் தொழிலில் அதிகம் விளையாடுவது சுற்றுகளின் எண்ணிக்கை. ஏனெனில் தூண்டல் எண் சுற்றுகளின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். சுற்று இருமடங்கானால் தூண்டல் எண் நான்கு மடங்கு.

மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இதற்கு உடனடி விலை உண்டு. ஒரு காடிக்கு இத்தனை சுற்று என்ற கணக்கில் பத்துக்கு ஒன்று குறைத்துக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். சுற்று 0.9 ஆனால் தூண்டல் எண் 0.9 × 0.9 = 0.81 ஆகிறது. மோட்டார் வெறுமனே சுழல்வதற்காக இழுக்கும் காந்தமாக்கும் மின்னோட்டம் 1 ÷ 0.81, அதாவது ஏறத்தாழ 23 விழுக்காடு கூடும். இரும்பு ஏற்கெனவே தெவிட்டு நிலைக்கு அருகில் இருந்தால் அதற்கும் மேலே போகும். வெளியே பார்த்தால் புதுக் காயில், வார்னிஷ் வாசம்கூடப் போகவில்லை. ஆனால் மோட்டார் சூடாகும். நல்ல பட்டறைக்காரர்கள் பழைய காயிலை அறுக்கும்போதே சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜையும் எழுதி வைப்பது இதனால்தான். வர்க்க விகிதம் என்ற சொல் அவர்கள் வாயில் வராமல் இருக்கலாம். எண்ணாமல் கட்டக் கூடாது என்பது கைக்குத் தெரியும்.

இரும்பின் பங்கு அடுத்தது. காந்தப் பாதையில் சிறிய காற்று இடைவெளி இருந்தாலும் தூண்டல் எண் சட்டென்று விழும். ஸ்டார்ட்டரில் உள்ள நோ வோல்ட் காயில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் காயில் காந்தமாகி, நகரும் இரும்பைத் தன்னிடம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு காற்று இடைவெளி ஏறக்குறைய இல்லை. தூண்டல் எண் அதிகம், எனவே காயிலில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஒட்டுவதற்கு முன்னால், இடைவெளி திறந்திருக்கும் நிலையில் அதே காயில் ஐந்து முதல் பத்து மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். கண் இமைக்கும் நேரம்தான் என்பதால் பாதகமில்லை.

பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்தாலோ, பல்லி நசுங்கிக் கிடந்தாலோ, துரு ஏறி இரும்பு முழுதாக நகராவிட்டாலோ கதை வேறு. இடைவெளி மூடாது, மின்னோட்டம் குறையாது, சில நிமிடங்களில் காயில் கருகிவிடும். மின்னழுத்தம் குறைவாக வரும்போதும் இழுப்பு விசை போதாமல் இரும்பு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், முடிவு அதே. புதுக் காயில் வாங்கிப் போட்டு, இரும்பைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதுவும் போகும். நேர்த்திசை மின்சாரத்தில் இயங்கும் காயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது கம்பியின் மின்தடை மட்டுமே, இடைவெளி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். மாறுதிசை மின்சாரத்தில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்கும் மாணவர் அடுத்த பகுதிக்குத் தயாராகிவிட்டார்.

தூண்டல் மின்மறுப்பு

இந்தியாவில் வழங்கப்படும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் ஐம்பது முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி. மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் இயல்பு. மாற்றத்தை எதிர்ப்பது சுருளின் இயல்பு. ஆகவே சுருள் ஒருபோதும் ஓய்வதில்லை. எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு எதிர்ப்பு. இதையே சூத்திரம் சொல்கிறது:

தூண்டல் மின்மறுப்பு = 2 × பை × அதிர்வெண் × தூண்டல் எண்

ஐம்பது ஹெர்ட்ஸில் 2 × பை × அதிர்வெண் என்பது 314. எனவே ஹென்றியை 314ஆல் பெருக்கினால் ஓம் கிடைக்கும். நமது சோக்குக்கு 314 × 1.23, அதாவது சுமார் 385 ஓம். அமெரிக்காவைப் போல 60 ஹெர்ட்ஸ் வழங்கும் நாட்டில் அதே சோக் 463 ஓம் காட்டும். அதிர்வெண் சுழியானால், அதாவது நேர்த்திசை மின்சாரத்தில், மின்மறுப்பும் சுழி.

இதைச் செய்முறையாகப் பார்க்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட் தரும் சிறிய டிரான்ஸ்பார்மர், ஒரு மல்டிமீட்டர் போதும். பேட்டரியில் சோக் 0.3 ஆம்பியர் எடுக்கும். 12 ÷ 0.3 = 40 ஓம், இது கம்பியின் மின்தடை. டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் மாறுதிசையில் அதே சோக் 0.031 ஆம்பியர்தான் எடுக்கும். பத்தில் ஒரு பங்கு! 12 ÷ 0.031 = 387 ஓம், இது மொத்த எதிர்ப்பு. வர்க்கங்களின் வேறுபாட்டுக்கு வர்க்கமூலம் கண்டால் மின்மறுப்பு 385 ஓம். அதை 314ஆல் வகுத்தால் தூண்டல் எண் மீண்டும் 1.23 ஹென்றி. இரும்பில் ஏற்படும் இழப்பை இங்கே ஒதுக்கிவிட்டோம். இந்த அளவு துல்லியத்துக்கு அது பரவாயில்லை. சோதனையை 230 வோல்ட் நேர்த்திசையில் யாரும் முயலக் கூடாது. 230 ÷ 40 = 5.75 ஆம்பியர், 1,300 வாட்டுக்கு மேல் வெப்பம், சோக் புகைந்துவிடும்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மோட்டார் காயிலைத் தொட்டால் சில ஓம்கள் மட்டுமே காட்டுவதைக் கண்டு, காயில் ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவுகட்டும் புதுப் பணியாளர்கள் உண்டு. மீட்டர் உள்ளே இருப்பது சிறிய பேட்டரி. நேர்த்திசை மின்னோட்டம் அனுப்பி அளக்கும் கருவிக்கு மின்மறுப்பு கண்ணில் படாது. மூன்று கட்டக் காயில்களும் ஒன்றுபோல் காட்டுகின்றனவா என்பதைத்தான் அந்த அளவீட்டில் பார்க்க வேண்டும்.

மின்மறுப்புக்கும் மின்தடைக்கும் அலகு ஒன்றே, தன்மை வேறு. மின்தடையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடும். சுருளில் அப்படி நடக்க முடியாது. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாற்றம் சுழி, எனவே சுருளின் மின்னழுத்தமும் சுழி. மின்னோட்டம் சுழியைக் கடக்கும் கணத்தில்தான் அது மிக வேகமாக மாறுகிறது. அப்போது மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆகவே மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுழற்சி, அதாவது 90 பாகை, பின்தங்குகிறது. ஐம்பது ஹெர்ட்ஸில் இது 5 மில்லிநொடி. ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையை நினைத்துப் பார்த்தாலும் சரி: ஊஞ்சல் ஓரத்தில் திரும்பும் இடத்தில் வேகம் சுழி, நடுவை நோக்கி இழுக்கும் இழுப்பு அதிகம்.

கால் சுழற்சி விலகி நிற்பதால், மின்தடையையும் மின்மறுப்பையும் நேராகக் கூட்டக் கூடாது. 40ஐயும் 385ஐயும் கூட்டி 425 என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணம் காண வேண்டும். அந்தக் கர்ணம்தான் மின் எதிர்ப்பு, பேச்சில் இம்பிடன்ஸ். இதை நம்ப மறுக்கும் மாணவருக்கு ஒரு சோதனை: சோக்கோடு 500 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து 24 வோல்ட் மாறுதிசை கொடுத்தால், மின்தடையின் குறுக்கே சுமார் 18 வோல்ட், சோக்கின் குறுக்கே சுமார் 14 வோல்ட் காட்டும். கூட்டினால் 32. கொடுத்ததோ 24தான். மீட்டர் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் உச்சத்தைத் தொடுகின்றன.

வேலை செய்யாத மின்னோட்டம்

தூய சுருள் ஆற்றலைச் செலவழிப்பதில்லை. கால் சுழற்சியில் வாங்கிக் காந்தப் புலமாக வைத்துக்கொள்ளும், அடுத்த கால் சுழற்சியில் திருப்பிக் கொடுத்துவிடும். கொடுக்கல் வாங்கல் ஒரு நொடிக்கு நூறு தடவை. ஆனால் போவதும் வருவதும் கம்பி வழியாகத்தானே. கம்பி சூடாகும், மின்னழுத்தம் இறங்கும். காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களில் இதன் முழுப் பொருளும் தெரிவது இங்கேதான்.

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஒன்றைக் கணக்கிடுவோம். தண்டில் கிடைக்க வேண்டியது 3.73 கிலோவாட். பயனுறுதிறன் 80 விழுக்காடு என்றால் உள்ளே போக வேண்டியது 4.66 கிலோவாட். திறன் காரணி 0.8 என்றால் கம்பியில் வரும் தோற்றத் திறன் 5.83 கிலோவோல்ட் ஆம்பியர். 400 வோல்ட்டில் ஒவ்வொரு கம்பியிலும் 8.4 ஆம்பியர். இதில் காந்தப் புலத்துக்காகப் போய் வரும் பங்கு 3.5 கிலோவார். மோட்டார் தண்ணீரே இழுக்காமல் வறட்டு ஓட்டம் ஓடினாலும் இந்தப் பங்கு பெரிதாகக் குறையாது. கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் வேலையே செய்யாத மோட்டார் முழுச்சுமை மின்னோட்டத்தில் பாதி அளவு வரை இழுத்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

அதே காந்தப் பங்கை மோட்டாரின் பக்கத்திலேயே ஒருவர் கொடுத்து வாங்கினால் கம்பிக்கு அந்தச் சுமை இல்லை. மின்தேக்கி செய்வது அது. அதில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு முந்துகிறது. சுருள் வாங்கும் நேரத்தில் மின்தேக்கி கொடுக்கும், சுருள் கொடுக்கும் நேரத்தில் மின்தேக்கி வாங்கும். மேற்கண்ட மோட்டாருக்கு 2 கிலோவார் மின்தேக்கி போட்டால், வெளியிலிருந்து வர வேண்டியது 1.5 கிலோவார் மட்டும். திறன் காரணி 0.95 ஆகிறது, கம்பியில் மின்னோட்டம் 7.1 ஆம்பியராகக் குறைகிறது. கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த இழப்பு ஏறக்குறைய 29 விழுக்காடு குறையும்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, கம்பியின் கடைசியில் இப்படி ஐந்து மோட்டார்கள் ஓடுவதாகக் கொள்வோம். கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.9 ஓம், கம்பியின் சொந்தத் தூண்டல் மின்மறுப்பு 0.35 ஓம். நேராகத் தொங்கும் கம்பிக்கும் தூண்டல் உண்டு என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். மின்தேக்கி இல்லாதபோது ஒவ்வொரு கட்டத்திலும் இறங்கும் மின்னழுத்தம் சுமார் 39 வோல்ட். 231 வோல்ட்டில் கிளம்பியது 192ஆகப் போய்ச் சேரும். ஐந்து மோட்டாரிலும் மின்தேக்கி இருந்தால் இறக்கம் 34 வோல்ட். ஐந்து வோல்ட் மிச்சம். இது பெரிய மீட்பு அன்று. மெலிந்த கம்பியும் நீண்ட தூரமும் உண்டாக்கும் குறையை மின்தேக்கி முழுதாகத் தீர்த்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே தண்ணீரை ஏற்ற அதிக மின்னோட்டம் இழுக்கும், அது மின்னழுத்தத்தை இன்னும் இறக்கும். ஓரத்தில் நிற்கும் மோட்டாருக்கு அந்த ஐந்து வோல்ட் காயிலின் ஆயுளாகலாம்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். தொழிற்சாலைகள் திறன் காரணி குறைந்தால் கூடுதல் கட்டணம் கட்டுகின்றன. தோட்டத்துக்கு அந்தக் கட்டணச்சீட்டு வருவதில்லை. அதனாலேயே மின்தேக்கி பல இடங்களில் பேருக்குத் தொங்குகிறது. விலையை எரிந்த காயிலாகக் கட்டுகிறோம் என்பது எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவர் மட்டும் மின்தேக்கி போட்டால் பலன் அந்தக் கம்பியில் உள்ள எல்லாருக்கும் பங்காகிவிடுவதும் ஒரு காரணம்.

மின் உற்பத்தி நிலையமே இந்தக் காந்தப் பங்கையும் தரலாமே என்ற கேள்வி நியாயமானது. தருகிறது. கம்பத்துக்குத் தெற்கே கூடலூரைத் தாண்டி லோயர் கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் உள்ளது. முல்லைப் பெரியாறு நீரில் இயங்கும் அதன் நான்கு எந்திரங்கள் 1958க்கும் 1965க்கும் இடையில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 35 மெகாவாட். இத்தகைய ஒத்தியங்கு மின்னாக்கிகளில் சுழலிக்குக் கொடுக்கும் நேர்த்திசை மின்னோட்டத்தைக் கூட்டினால், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதிகம் விடாமல் கிலோவார் கூடுதலாகக் கிடைக்கும். சிக்கல் உற்பத்தியில் இல்லை, வழியில் இருக்கிறது. தொலைவிலிருந்து வரும் ஒவ்வொரு கிலோவாரும் வழியிலுள்ள டிரான்ஸ்பார்மர்களிலும் கம்பிகளிலும் இடம் பிடித்து, மின்னழுத்தத்தை இறக்கியபடியே வரும். ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளிலும் இதே கதை உண்டு: தூண்டல் வகை மின்னாக்கி பொருத்திய பழைய காற்றாலை, வாட்டை வலைப்பின்னலுக்குக் கொடுத்துக்கொண்டே கிலோவாரை அங்கிருந்து இழுக்கும். அதற்கும் பக்கத்தில் மின்தேக்கி வேண்டும்.

மின்தேக்கியைப் பொருத்தும்போது

மின்தேக்கியை ஸ்டார்ட்டருக்குப் பிறகு, மோட்டார் பக்கத்தில் இணைக்க வேண்டும். ஸ்டார்ட்டருக்கு முன்னால் இணைத்தால் மோட்டார் நின்ற பிறகும் அது கம்பியில் இருந்துகொண்டு, சுமை குறைந்த இரவு நேரத்தில் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். அளவு பெரிதாக இருந்தால் நல்லது என்பதும் தவறு. மோட்டாரின் காந்தப் பங்குக்கு மேல் மின்தேக்கி போட்டால், சுவிட்சை அணைத்த பிறகு சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே மின்னாக்கியாகி முனைகளில் உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கக்கூடும். மோட்டார் வெறுமனே ஓடும்போது இழுக்கும் கிலோவாரில் 90 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது வழக்கம்.

இந்த மின்தேக்கியை, இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டுவதற்காகப் போடும் கண்டன்சரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது, காணாமற்போன மூன்றாவது கட்டத்துக்குப் பதிலாகக் கட்டம் விலகிய ஒரு மின்னோட்டத்தைப் போலியாக உண்டாக்குகிறது. மோட்டார் ஓடும், ஆனால் மூன்று காயில்களிலும் மின்னோட்டம் சமமாக இராது, அதிகம் வாங்கும் காயில் முதலில் கருகும். தண்ணீர் இன்றே பாய வேண்டும் என்ற நெருக்கடியில் பலர் இதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 400 வோல்ட் இணைப்பில் அது உச்ச மதிப்பான 566 வோல்ட் வரை இருக்கலாம். உள்ளே இருக்கும் வடிப்பு மின்தடை வேலை செய்கிறதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. எனவே ஒரு நிமிடமாவது பொறுத்து, மீட்டரால் முனைகளைச் சோதித்து, மின்தடை வழியாக இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

மின்தேக்கி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மோட்டார் ஓடும்போது மின்தேக்கிக்குப் போகும் மூன்று கம்பிகளையும் தனித்தனியே கிளாம்ப் மீட்டரால் கவ்விப் பார்க்கலாம். 400 வோல்ட்டில் 2 கிலோவார் மின்தேக்கியானால் ஒவ்வொன்றிலும் சுமார் 2.9 ஆம்பியர் காட்ட வேண்டும். மின்னழுத்தம் குறைந்திருந்தால் அதே விகிதத்தில் ஆம்பியரும் குறையும், ஆகவே இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூன்றும் சமமாக இல்லாவிட்டாலோ, ஒன்றில் சுழி காட்டினாலோ அது மாற்ற வேண்டிய மின்தேக்கி.